மணல்மணிகளின் மேற்பரப்புத் தோற்றம்

மணல்மணிகளின் மேற்பரப்புத் தோற்றம் என்பது, மணல்மணி ஒவ்வொன்றின் மீதும் காணப்படும் கீறல், குழி, முறிவுத்தளம், பூச்சு போன்ற நுண்ணிய அடையாளங்களின் தொகுதியைக் குறிக்கும். இவ்வடையாளங்களுள் பல, சில மைக்குரோமீட்டர் அளவே உடையவை. (ஒரு மைக்குரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.) வெறும் கண்ணுக்கோ கைவில்லைக்கோ புலப்படாத இவற்றை எதிர்மின்னி நுண்ணோக்கியின் துணையுடன் ஆராய்ந்து, ஒரு மணி பனியாற்றின் அடியில் நசுங்கியதா, ஆற்றில் உருண்டதா, காற்றில் துள்ளி மோதியதா, கடலலையில் அடிபட்டதா என்று அறிய முயலும் முறை 1960களில் படிவியலின் ஒரு பிரிவாக வளர்ந்தது. கடற்கரை மணல் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை தேடும் வழிகளுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்வினா வெறும் அறிவார்வத்தால் எழுவது அன்று. கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பதில்லை. சாய்வாக வந்து மோதும் அலைகள் அதைக் கரையை ஒட்டியே ஒரு திசையில் நகர்த்திக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் வரும் மணலும் மறுபக்கம் போகும் மணலும் சமமாக இருக்கும்வரை கரை அப்படியே இருப்பதுபோல் தோன்றும். வரவு குறைந்தால் கரை பின்வாங்கும். வீடும் சாலையும் கடலுக்குப் போகும். ஆகவே எந்த இடத்து மண் ஒரு கடற்கரைக்குத் தீனி போடுகிறது என்று தெரியாமல் அங்கே தடுப்புச்சுவர் கட்டுவதும், கடலடியில் மணலைத் தோண்டுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

குவார்ட்சு தேர்ந்தெடுக்கப்படும் காரணம்

இவ்வாய்வில் பெரும்பாலும் குவார்ட்சு மணிகளே பயன்படுத்தப்படுகின்றன. குவார்ட்சு என்பது சிலிக்கானும் ஆக்சிசனும் சேர்ந்த கனிமம்; உலகின் பெரும்பாலான மணற்கரைகளில் மிகுதியாகக் கிடைப்பது. மோ கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 7. இரும்புக் கத்தியால் இதைக் கீற இயலாது. நீரிலும் மிக மெதுவாகவே கரையும். எனவே ஒருமுறை பதிந்த அடையாளம் நெடுங்காலம் நிலைக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெல்சுபார் போன்ற கனிமங்களுக்குப் பிளவுத்தளங்கள் உள்ளன. அவற்றை எப்படி அடித்தாலும் அவை தம் படிக அமைப்பு விதித்த தளங்களிலேயே உடையும். அங்கே தெரிவது அடித்த கையைவிட உடைந்த பொருளின் இயல்பே. குவார்ட்சுக்கோ தெளிவான பிளவுத்தளம் கிடையாது. அது கண்ணாடியைப் போல் வளைவான சங்குமுறிவாக உடைகிறது. அதனால் முறிவின் வடிவும் பரிமாணமும் அதை உண்டாக்கிய விசையின் அளவையும் வகையையும் ஓரளவு காட்டுகின்றன. சிப்பித்தூள் மணலுக்கு இம்முறை உதவாது. அது மென்மையானது; எளிதில் கரையக்கூடியது.

அடையாளங்களும் அவற்றின் காரணங்களும்

பனியாற்றின் அடியில் சிக்கிய மணிகள் பாறைக்கும் பனிக்கும் இடையில் பெரும் அழுத்தத்தில் நசுக்கப்படுகின்றன. இவை கூரிய விளிம்புகளும் மேடுபள்ளமும் மிக்கவை. ஒரே மணியில் மிகப் பெரிய சங்குமுறிவுகளும் மிகச் சிறியனவும் அருகருகே காணப்படும். படிக்கட்டு போன்ற இணைகோடுகளும், வில்போல் வளைந்த படிகளும், நேர்க்கீறல்களும் இவற்றில் மிகுதி. ஆயினும் பாறையிலிருந்து அண்மையில் உடைந்து விழுந்த மணியும் ஏறத்தாழ இதே தோற்றத்தைக் காட்டக்கூடும் என்பதை மறக்கலாகாது.

கடலலை மோதும் கரையில் கிடக்கும் மணிகளின் முக்கிய அடையாளம் ‘V’ எழுத்தின் வடிவிலான சிறு குழிகளாகும். நீருக்குள் ஒரு மணியின் முனை மற்றொரு மணியின் பரப்பில் குத்தும்போது சிறு சில்லு பெயர்ந்து இக்குழி உண்டாகிறது. அலையின் ஆற்றல் மிகும்போது குழிகளின் நெருக்கமும் பொதுவாக மிகுகிறது. ஆற்று மணலிலும் இக்குழிகள் உண்டு. ஆனால் அலைமிக்க கடற்கரையில் இருப்பதுபோல் நெருக்கமாக இருப்பதில்லை. அலையடிபட்ட மணிகளின் விளிம்புகள் மழுங்கி, பரப்பு பளபளப்பாக இருப்பதும் வழக்கம்.

காற்றால் நகரும் மணல் வேறு வகையில் தேய்கிறது. நீரின் பாகுநிலை காற்றினுடையதைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். இரு மணிகள் நீருக்குள் நெருங்கும்போது இடையிலுள்ள நீர் பஞ்சணைபோல் நின்று மோதலைத் தணிக்கிறது. நீரில் அமிழ்ந்த மணியின் எடையும் குறைந்துவிடுகிறது. காற்றிலோ இத்தணிப்பு ஏறக்குறைய இல்லை. டச்சு நிலவியலாளர் பிலிப் கூனன் செய்த சோதனைகளில், ஒரே தொலைவைக் கடக்கும்போது காற்றில் ஏற்படும் தேய்வு ஆற்றில் ஏற்படுவதைவிட 100 முதல் 1000 மடங்கு அதிகம் என்று 1960இல் தெரிவிக்கப்பட்டது. இதனால் பாலைவனக் குன்று மணிகள் நன்கு உருண்டு, பனிபடர்ந்த கண்ணாடிபோல் மங்கலாகத் தோன்றுகின்றன. உருப்பெருக்கிப் பார்த்தால் தட்டுகள் மேல்நோக்கி நிமிர்ந்த அமைப்பும், தடித்து உருண்ட விளிம்புகளும், சாய்ந்த கிண்ணம் போன்ற பள்ளங்களும் தெரியும்.

வேதிவினைகளும் தம் அடையாளத்தை விட்டுச்செல்கின்றன. அலை குறைந்த அமைதியான நீரில் நெடுங்காலம் கிடக்கும் மணியில், படிக அமைப்பைப் பின்பற்றி ஒரே திசையில் வரிசையாக அமைந்த முக்கோண அரிப்புக் குழிகள் தோன்றுகின்றன. வெப்பமண்டல மண்ணில் கிடந்த மணி ஆழமாக அரிக்கப்பட்டிருக்கும். பாலைநிலத்திலும், மண்ணுக்குள் புதைந்த நிலையிலும், கரைந்த சிலிக்கா மீண்டும் படிந்து பழைய அடையாளங்களை மூடிவிடுவதும் உண்டு.

இவையெல்லாம் ஒரே மணியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியக்கூடும் என்பதே இம்முறையின் சிறப்பும் சிக்கலும் ஆகும். சிலேட்டைச் சரியாகத் துடைக்காமல் மேலே எழுதினால் பழைய எழுத்தும் மங்கலாகத் தெரிவதுபோல, புதிய அடையாளங்களுக்கு அடியில் பழையவை எஞ்சி நிற்கின்றன. துருத்திய விளிம்புகளில் முதலில் புதிய அடையாளம் ஏறும். உள்ளடங்கிய பள்ளங்களில் பழையது கடைசிவரை ஒளிந்திருக்கும். எது எதை வெட்டிச் செல்கிறது, எதன்மேல் எது படிந்திருக்கிறது என்று பார்த்து நிகழ்வுகளின் வரிசையை ஊகிக்கலாம். ஒவ்வொரு நிகழ்வும் எத்தனை ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது என்பதை மட்டும் இவ்வடையாளங்கள் சொல்வதில்லை.

வரலாறு

மணல்மணியின் வடிவைக் கொண்டு அதன் கடந்தகாலத்தை அறியலாம் என்ற எண்ணம் எதிர்மின்னி நுண்ணோக்கியைவிடப் பழையது. இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, 1880இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக ஆற்றிய உரையில், ஒளி நுண்ணோக்கியில் கண்ட மணல்மணிகளை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார். புதிதாகப் பிரிந்த கூர்மணி, தேய்ந்து உருண்ட மணி, நொறுக்கப்பட்ட சில்லு, வேதி அரிப்புக்குள்ளான மணி, படிக முகங்கள் வளர்ந்த மணி என்ற அவருடைய பகுப்பு இன்றைய பகுப்பிலிருந்து அதிகம் விலகியதன்று. பிரான்சின் ஆந்திரே கயூ 1942இல், தேயாதவை, மழுங்கிப் பளபளப்பவை, உருண்டு மங்கியவை என மூவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் எத்தனை விழுக்காடு என எண்ணும் முறையைக் கையாண்டார். இவ்வெண்ணும் பழக்கம் பின்னாளில் மிகவும் பயன்பட்டது.

1962இல் இருவேறு ஆய்வுகள் எதிர்மின்னி நுண்ணோக்கியை இத்துறைக்குள் கொண்டுவந்தன. பீடர்மன் என்பவர் நியூ ஜெர்சிக் கரையின் வெவ்வேறு சூழல்களைப் பிரித்தறிய அதைப் பயன்படுத்தினார். டேவிட் கிரின்ஸ்லியும் டாரோ தகஹாஷியும் ‘சயன்சு’ இதழில் மணல்மணிப் பரப்புகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அக்காலத்துக் கருவியில் எதிர்மின்னிகள் பொருளை ஊடுருவிச் செல்ல வேண்டும். மணல்மணியை அவை ஊடுருவ இயலாது. எனவே மணியின் பரப்பின்மீது மெல்லிய படலத்தால் அச்சு எடுத்து, மணியை நீக்கிவிட்டு அந்த அச்சைப் பார்த்தனர். கிழியாத அச்சு கிடைப்பதே அரிது. 1965இல் வருடு எதிர்மின்னி நுண்ணோக்கி விற்பனைக்கு வந்தபின் மணியையே நேரடியாகப் பார்க்க முடிந்தது, பணி விரைவடைந்தது. கிரின்ஸ்லியும் டானஹியூவும் 1968இல் சூழல்வாரியாக அடையாளங்களைத் தொகுத்தனர். கிரின்ஸ்லியும் டூர்ன்கேம்ப்பும் வெளியிட்ட படத்தொகுப்பு நூல் 1973இல் வந்தது. வில்லியம் மகானியின் விரிவான படத்தொகுப்பு 2002இல் வெளியாயிற்று.

செய்முறை

மணல் மாதிரியை முதலில் நீரில் கழுவி, ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சிப்பித்துண்டுகளையும் சுண்ணப்பூச்சையும் நீக்குவர். இரும்புத்துரு படிந்திருந்தால் அதற்கும் தனி வேதிப்பொருள் உண்டு. கேளா ஒலியால் அதிர்வித்துத் தூய்மை செய்வதில் எச்சரிக்கை தேவை. அளவு மீறினால் அந்த அதிர்வே மணியில் புதிய சேதத்தை உண்டாக்கும். இயற்கை எழுதியதைப் படிக்கப்போய்த் தாமே எழுதிவிட்டு அதைப் படிக்கும் நிலை ஏற்படக்கூடாது.

பின்னர் ஒரே அளவு வரம்புக்குள் அமைந்த மணிகள் பொறுக்கப்படுகின்றன. பொதுவாக நடுத்தர, பருமணல் மணிகளையே தேர்ந்தெடுப்பர். மிக நுண்ணிய மணிகள் நீரில் மிதந்தவாறே செல்வதால் அவை வலுவாக மோதுவதில்லை. கடற்கரையில் பல்லாண்டு கிடந்தும் அடையாளம் ஏதும் ஏறாமல் இருக்கும். வெவ்வேறு அளவு மணிகளை ஒப்பிட்டால் அளவின் வேறுபாட்டைச் சூழலின் வேறுபாடு என்று எண்ணிவிட நேரும்.

பொறுக்கிய மணிகளைச் சிறு உலோகத் தாங்கியில் ஒட்டி, மின்னேற்றம் தேங்காதிருக்கத் தங்கம் அல்லது கரிமத்தால் மெல்லிய பூச்சுப் பூசுவர். ஊடுகதிர் நிறமாலையால் மணி குவார்ட்சுதானா என்பதை உறுதிசெய்த பின், முழு மணியையும் முதலில் பார்த்து, பின் சில ஆயிரம் மடங்குவரை உருப்பெருக்கிப் பகுதிகளைப் பார்ப்பர். ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 மணிகளைப் பார்ப்பது பலரின் வழக்கம். ஒவ்வோர் அடையாளமும் எத்தனை மணிகளில் உள்ளது என்று விழுக்காடாகக் கணக்கிடப்படும். அழகான ஒரு மணியின் படத்தை மட்டும் காட்டி முடிவு கூறிய பழைய கட்டுரைகள் இல்லாமலில்லை. அவற்றுக்குச் சான்று மதிப்பு குறைவு.

லாங் தீவின் மணல்

இம்முறை கடற்கரையில் முதன்முதலாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, நியூயார்க் நகரை ஒட்டிக் கிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளும் லாங் தீவாகும். கடைசிப் பனியூழியில் வட அமெரிக்காவை மூடியிருந்த பெரும் பனிப்படலத்தின் தென் எல்லை இங்கே இருந்தது. பனி உருகியபோது அது தள்ளிக்கொண்டுவந்த கல்லும் மணலும் களிமண்ணும் நீண்ட மேடுகளாகக் குவிந்தன. இம்மேடுகளுள் தெற்கிலுள்ளது கிழக்கே மொன்டாக் முனையில் கடலைச் சந்திக்கிறது. அங்கே அது செங்குத்தான மண்கரையாக நிற்கிறது. மொன்டாக்கிலிருந்து மேற்கே முதலில் மேட்டுநிலக் கரையும், அதையடுத்து ஃபயர் தீவு போன்ற குறுகிய தடுப்புத்தீவுகளும் வரிசையாக அமைந்துள்ளன.

அட்லாண்டிக் அலைகள் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வருவதால் மணல் மேற்கு நோக்கி நகர்கிறது. இதற்கு இரு கலங்கரை விளக்கங்கள் சாட்சி. மொன்டாக் விளக்கம் 1796இல் கட்டப்பட்டபோது கரையின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உள்ளே இருந்தது. இப்போது அத்தொலைவு ஏறத்தாழ 30 மீட்டர் மட்டுமே. ஃபயர் தீவிலோ நிலைமை இதற்கு எதிர்மாறானது. 1826இல் முதல் விளக்கம் அத்தீவின் மேற்கு முனையில் முகத்துவாரத்தருகே எழுப்பப்பட்டது. மணல் சேர்ந்து தீவு மேற்கே வளர்ந்ததால், 1858இல் அருகிலேயே கட்டப்பட்டு இன்றும் நிற்கும் விளக்கம் முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் கிழக்கே விலகி நிற்கிறது. கிழக்கே கரைவதுதான் மேற்கே சேர்கிறது என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

கிரின்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1964இல் ‘மரைன் சியாலசி’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இத்தெற்குக் கரை நெடுகிலும் மணல் நகர்வதை மணிகளின் மேற்பரப்பைக் கொண்டு தொடர்ந்தது. அதன் அடிப்படை எளியது. மொன்டாக்கின் கரையிலிருந்து புதிதாக விழும் மணி பனியாற்று முறிவுகளைச் சுமந்திருக்கும். மேற்கு நோக்கிய பயணத்தில் அலை அதை அடித்துக்கொண்டே இருக்கும். எனவே தொலைவு கூடக்கூடப் பனியாற்று அடையாளங்கள் மழுங்கி, ‘V’ குழிகள் பெருக வேண்டும். மணிகளே மைல்கற்களாகின்றன. சாயமிட்ட மணலைக் கரையில் கொட்டிச் சில நாள் தேடுவதைவிட இதில் ஒரு நன்மை உண்டு: ஒரு வாரத்தின் அலையைப் பற்றியல்லாமல் நெடுங்காலச் சராசரியைப் பற்றி இது பேசுகிறது.

ஆனால் மணல் வரவுசெலவுக் கணக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. கரையோரமாக நகரும் மணலின் ஆண்டளவு மேற்கே செல்லச் செல்லக் கூடுவதாக மதிப்பீடுகள் காட்டின. கிழக்கிலுள்ள மண்கரைகள் கரைந்து தரும் மணல், அதிலும் களிமண்ணும் பெருங்கற்களும் நீங்கிய பங்கு, அதற்கு ஈடாகாது என்று பலர் கருதினர். மீதி எங்கிருந்து வருகிறது? 1987இல் வில்லியம்சும் மைசுபர்கரும், கடற்கரை மணலில் கிடைக்கும் குளோக்கோனைட்டு என்ற பச்சைக் கனிமத்தைச் சுட்டிக்காட்டினர். கடலடியில் மெதுவாக உருவாகும் இக்கனிமம் அப்பகுதியின் பழைய கடற்படிவுகளில் உள்ளது. அது கரையில் இருப்பது, கண்டத்திட்டிலிருந்து மணல் கரைநோக்கி வருவதற்கான அறிகுறி என்றனர். ஐக்கிய அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கடலடி அளவீடுகளைக் கொண்டு 2000இல் வெளியான ஆய்வு இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. ஃபயர் தீவின் நடுப்பகுதியிலுள்ள வாட்ச் ஹில்லுக்கு எதிரே கடலடியில் கிரீத்தேசியக் காலப் படிவுகள் மேடாக இருப்பதையும், அதற்கு மேற்கே மணல்வரப்புகள் கரையோடு இணைந்து நிற்பதையும் அது காட்டியது. கடலடி வரவு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

இங்கேதான் மேற்பரப்பு அடையாளங்களின் எல்லை தெளிவாகிறது. கடலடியிலுள்ள மணல்வரப்புகளும் பனியாற்றின் உருகுநீர் கொண்டுவந்து பரப்பிய மணலை அலைகள் புரட்டிப்போட்டதால் ஆனவையே. அவற்றின் மணிகளிலும் பனியாற்று முறிவுகள் எஞ்சியிருக்கலாம். ஆகையால் ஃபயர் தீவின் கரையில் மழுங்கிய பனியாற்று அடையாளம் கொண்ட மணி ஒன்று கிடைத்தால், அது மொன்டாக்கிலிருந்து நெடுந்தொலைவு நடந்து வந்ததா, எதிரேயுள்ள கடலடியிலிருந்து குறுக்காக வந்ததா என்பதை அந்த அடையாளம் மட்டும் பிரித்துச் சொல்லாது. மேற்பரப்பு, மணிக்கு நேர்ந்த நிகழ்வைக் காட்டுகிறது. நேர்ந்த இடத்தைக் காட்டுவதில்லை. ஒரே நிகழ்வு இரண்டு இடங்களில் நடந்திருந்தால் வேறு சான்று வேண்டும். குளோக்கோனைட்டு தந்தது அத்தகைய சான்று.

இவ்வேறுபாட்டால் விளையும் நடைமுறைச் சிக்கல் சிறியதன்று. மணலின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து கரையோரமாகவே வருவதாயின், இடையில் எதைக் கட்டினாலும் மேற்கே உள்ளவர்கள் பாதிக்கப்படுவர். வெசுட்டாம்ப்டனில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970 வரை, கடலுக்குக் குறுக்கே நீளும் 15 கற்சுவர்கள் கட்டப்பட்டன. தமிழகக் கடற்கரைகளில் தூண்டில் வளைவு எனப்படும் தடுப்புகளின் வகையைச் சேர்ந்தவை இவை. சுவர்களுக்கிடையே மணல் சேர்ந்தது. அவற்றுக்கு மேற்கே கரை வேகமாக மெலிந்தது. 1992 திசம்பரில் வீசிய புயலில் அங்கே தடுப்புத்தீவு உடைந்து கடல் உள்ளே புகுந்தது. பல வீடுகள் அழிந்தன. மாறாகக் கடலடி வரப்புகள் கரைக்கு முக்கிய வரவாக இருப்பின், கரையை நிரப்புவதற்காக அதே வரப்புகளைத் தோண்டுவது வரும் ஆண்டுகளின் வரவை இப்போதே எடுத்துச் செலவிடுவதாகும். மொன்டாக்கில் விளக்கத்தைக் காக்கக் கரையடியில் பெருங்கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. காக்கப்படும் கரை மணல் தராது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம்பகத்தன்மை பற்றிய விவாதம்

1970களில் இம்முறைமீது கடுமையான ஐயங்கள் எழுந்தன. ஒரே மணியை இருவர் பார்த்தால் இருவேறு பட்டியல்கள் வரக்கூடும். ‘V’ குழி என்று ஒருவர் குறிப்பதை அரிப்புக் குழி என மற்றவர் குறிக்கலாம். தவிர, மணல் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று முன்பே தெரிந்தவருக்கு எதிர்பார்த்த அடையாளமே கண்ணில் படும்.

இதைச் சோதிக்கக் கல்வர், புல் முதலியோர் 1983இல் ஒரு புள்ளியியல் ஆய்வை வெளியிட்டனர். சூழல் அறியப்பட்ட மாதிரிகளைப் பலர் தனித்தனியாகப் பார்த்து, அடையாளங்களின் இருப்பையும் இன்மையையும் குறித்தனர். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் வேறுபாடு இருந்தது உண்மை. எனினும் அடையாளங்களை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டால் சூழல்களைப் பிரித்தறிய முடிந்தது. எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று ஒரு சூழலுக்குச் சான்றாகாது. அடையாளங்களின் சேர்க்கையும் அவற்றின் விழுக்காடுமே சான்றாகும் என்ற கருத்து இதன்பின் பரவலாக ஏற்கப்பட்டது.

மற்றொரு சிக்கல் மரபுரிமை அடையாளங்கள். இன்றைய கரையிலுள்ள மணி பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலைவனத்தில் உருண்டு, மணற்பாறையாக இறுகி, மீண்டும் பிரிந்து ஆற்றில் வந்ததாக இருக்கலாம். அதன் உருண்டை வடிவைக் கண்டு இன்றைய கரையில் காற்றின் வேலை மிகுதி என்று முடிவுகட்டினால் பிழையாகும். அருகிலுள்ள எல்லா மூல இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்து, கரை மணலுடன் ஒப்பிடாமல் செய்யும் ஆய்வு இவ்விடத்தில் தவறுகிறது. இன்றைய ஆய்வுகளில் கனமான கனிமங்களின் விகிதம், சிர்க்கோன் மணிகளின் கதிரியக்க வயது போன்றவற்றுடன் சேர்த்தே மேற்பரப்புச் சான்று கையாளப்படுகிறது. அவை மணி பிறந்த பாறையைக் காட்டும். இது அம்மணி வந்த வழியைக் காட்டும்.

பிற பயன்பாடுகள்

ஆழ்கடல் படிவுகளில் காணப்படும் பனியாற்று அடையாளமுடைய மணிகள், மிதக்கும் பனிப்பாறைகள் அங்கே உருகியதைக் காட்டுகின்றன. மார்கோலிசும் கென்னெட்டும் 1971இல் இவ்வகையில் அண்டார்க்டிக்காவின் பனி வரலாற்றை ஆராய்ந்தனர். குற்றப் புலனாய்வில், காலணியில் ஒட்டிய மண் குறிப்பிட்ட இடத்து மண்ணுடன் ஒத்துப்போகாது என்று விலக்குவதற்கு இம்முறை உதவுகிறது. ஒத்துப்போகிறது என்று நிறுவுவது அதைவிடக் கடினம். ஆழிப்பேரலை கொண்டுவந்த மணலைப் புயல் கொண்டுவந்த மணலிலிருந்து பிரித்தறிவதிலும் முயற்சிகள் நடந்துள்ளன. 2004 ஆழிப்பேரலை சுமாத்திராவில் விட்டுச்சென்ற மணலையும் சேர்த்து ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை இதற்கு எடுத்துக்காட்டு.

2024இல் சுடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சாண்ட்ஏஐ’ என்ற மென்பொருளை வெளியிட்டனர். ஆறு, கடற்கரை, காற்று, பனியாறு ஆகிய நான்கு சூழல்களிலிருந்து எடுத்த மணிகளின் நுண்ணோக்கிப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட இது, புதிய மணியின் படத்தைக் கண்டு அது கடைசியாக எச்சூழலில் நகர்ந்தது என்று கணிக்கிறது. அடையாளங்களைக் கண்ணால் பார்த்துப் பட்டியலிடும் படி இதில் இல்லை. எனவே பார்ப்பவர் வேறுபாடு என்ற பழைய குறை நீங்குகிறது. ஆனால் பயிற்சிக்கான மணி ஒவ்வொன்றுக்கும் அது எடுக்கப்பட்ட இடமே பெயராகச் சூட்டப்படுகிறது. கடற்கரையில் எடுத்த மணியில் கடற்கரையின் அடையாளம் இன்னும் ஏறாதிருக்கலாம். மொன்டாக்கின் கரையடியில் நேற்று விழுந்த மணி அத்தகையது.